‘ங்க’ வருதுங்களா?

உங்கள் கடை போன் என் மேசைக்கு வந்து இன்றோடு எட்டு நாள் ஆகிறது. மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்ததும் அறை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். காங்கேயத்தில் உங்கள் கடைச் சுவரும் எண்ணெய் மில் சுவரும் ஒன்றுதான் என்பதால் உங்கள் சட்டை, ஸ்க்ரூ டிரைவர், கேபிள் கட்டு எல்லாமே அந்த வாசம்தான் அடிக்கும். துணியை நனைத்து இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சன்னலைத் திறந்தேன். காந்திபுரத்துப் பஸ்களின் ஹாரன் சத்தம்தான் உள்ளே வந்தது. மறுபடி மூடிவிட்டேன். எதற்காகத் துடைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

போனைக் கொண்டுவந்தது உங்கள் வீட்டம்மா. காங்கேயத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார்.

“கடைச் சாமானெல்லாம் ஒழிச்சுபோட்டோமுங்கண்ணா. இது ஒண்ணு மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும்னு தோணுச்சுங்க” என்றார். காப்பியைக் குடித்து முடித்து, வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “உங்களுக்குள்ள என்னங்கண்ணா ஆச்சு?”

“அவரு ஒண்ணும் சொல்லலீங்களா?”

“ஒருக்கா கேட்டேனுங்க. ‘அவருகிட்ட மரியாதை போயிருச்சு அம்மணி’ன்னாரு. அதுக்கு மேல வாயே தெறக்கலீங்க.”

அவர் போன பிறகு வெகுநேரம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மரியாதை போனது என்னிடமா? ஏழு மாதமாக என் மனைவியிடம் இதே வார்த்தையை உங்களைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் கடைசிப் பேச்சில் நீங்கள் சொன்ன கடைசி வார்த்தை ‘வை’. ‘வைங்க’ இல்லை. வெறும் வை.

வெளியூர்க்காரர் யாராவது இந்த மடலைப் படித்தால் இரண்டெழுத்துக்கா இவ்வளவு என்று சிரிப்பார். உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் சேர்ந்து போன் மாட்டும் தொழில் செய்தோம். கோயமுத்தூர் என் பக்கம், காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை உங்கள் பக்கம். ஒரே வயதுதான் இருவருக்கும். ஒரு நாள்கூட நீங்கள் எனக்கு ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. தவழ்ந்துகொண்டிருந்த மகளையே “வாங்க கண்ணு, பால் குடிங்க” என்று கூப்பிட்ட மனிதர் நீங்கள். அப்படிப்பட்டவர் என்னிடம் ‘வை’ என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

அந்த ‘ங்க’வை விட்டது உங்கள் வாயா, உங்கள் போனா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். பதில் இந்தப் போனுக்குள்ளேயே இருக்கிறது. கேபிளை மாட்டி ஒரே ஒரு செட்டிங்கைத் திறந்து பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். எட்டு நாளாக அந்த அரை நிமிஷ வேலையைச் செய்யாமல் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் செட்டிங்கைக் கண்டுபிடித்தவரே நீங்கள்தான். இன்டர்நெட் போன் நம் பக்கத்துக்குப் புதிதாக வந்த காலம். காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்கும் தாராபுரத்தில் அவர்களுடைய சம்பந்தி வீட்டுக் குடோனுக்கும் லைன் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் வாரம் மில் முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் சரியில்லை.

“ஏனுங்க, உங்க போன் வந்ததுல இருந்து எங்க சம்பந்தி என்னைய வா, போன்னு பேசறாருங்க. பொண்ணு குடுத்த எடம்னு நானும் பொறுத்துப் பார்த்தேன். நேர்ல வந்தா ‘வாங்க’ங்கறாரு, போன்ல ‘வா’ங்கறாரு. அதென்ன கணக்குங்க?”

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஏதோ குடும்பத் தகராறு, நம் போன் என்ன செய்யும் என்று வெளியே வந்ததும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. மில் கணக்குப்பிள்ளையைத் தாராபுரம் குடோனுக்கு அனுப்பி, அன்று பகல் முழுக்க அவரை “வாங்க, வாங்க” என்று போனில் சொல்ல வைத்து, செக்கு ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டீர்கள். சாயங்காலம் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அதற்குப் பெயர் சைலன்ஸ் சப்ரஷன். பேசாத நேரத்தில் போன் ஒன்றையும் அனுப்பாது. லைன் மிச்சம். பேச்சா மௌனமா என்பதைச் சத்தத்தின் அளவை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் அதற்குக் காது இன்னும் மந்தமாகிவிடும். நம்மூர்க்காரர் ‘வா’வை ஓங்கிச் சொல்லி ‘ங்க’வை மூக்கோடு தணித்து விடுகிறார். போன் அதை மௌனம் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. வார்த்தைக்கு நடுவில் வரும் ‘ங்க’ தப்பிக்கும், கடைசியில் வருவதுதான் போகும்.

“இந்த மிஷினைச் செஞ்சவனுக்கு வார்த்தை முடிஞ்சுபோச்சுன்னு நெனப்புங்க. நம்மூருல வார்த்தை முடிஞ்ச பொறகுதானே மரியாதையே ஆரம்பிக்குது” என்றீர்கள். செட்டிங்கை அணைத்ததும் சம்பந்தியின் மரியாதை திரும்பிவிட்டது. மில் முதலாளி நமக்கு ஆளுக்கு ஒரு டின் எண்ணெய் கொடுத்தனுப்பினார்.

அன்றிலிருந்து அது நம் வழக்கமாகிவிட்டது. எந்த ஊரில் போன் மாட்டினாலும் கடைசி வேலை, அந்தச் செட்டிங்கை அணைத்து ஒருவருக்கொருவர் கூப்பிட்டுப் பார்ப்பது. “‘ங்க’ வருதுங்களா?” என்று ஒருவர் கேட்க வேண்டும். “வருதுங்க” என்று மற்றவர் சொல்ல வேண்டும். “வெச்சர்றேனுங்க.” “வைங்க.” இந்த நாலும் முடிந்தால்தான் ஏணியை மடக்குவோம்.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. நினைக்கும்போதே எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடந்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

வாடிக்கையாளர்களுக்குப் போன் சொற்களைத் தமிழில் விளக்கி ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்றது நான். தூய தமிழில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். உங்களுக்கு வாயில் வருகிற வார்த்தை வேண்டும். ஹோல்டுக்கு நான் ‘இருத்திவைப்பு’ என்று எழுதினால் நீங்கள் அடித்துவிட்டு ‘செத்த இருங்க’ என்று எழுதுவீர்கள். குரல் துண்டு துண்டாகப் பிரிந்து போவதையும், அந்தத் துண்டுகள் தாமதமாக வருவதையும், தாறுமாறாக வருவதையும், வராமலே போவதையும் நான் மூன்று பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். நீங்கள் தாராபுரம் பஸ்ஸை வைத்து நாலே வரியில் முடித்தீர்கள்: பஸ் எப்போதும் பத்து நிமிஷம் லேட்டு என்றால் அது லேட்டன்சி. ஒரு மணி நேரம் ஒன்றுமே வராமல் அப்புறம் மூன்று சேர்ந்து வந்தால் ஜிட்டர். வரவே வராவிட்டால் பாக்கெட் லாஸ்.

எதிராளி பேசாதபோது லைன் செத்துவிட்டதோ என்று நாம் பயப்படாமல் இருக்க, போன் தானாகவே ஒரு மெல்லிய இரைச்சலைக் கொடுக்கும். கம்ஃபர்ட் நாய்ஸ். அதை நான் ‘ஆறுதல் இரைச்சல்’ ஆக்கியிருந்தேன். “எழவு ஊட்டுல வெக்கிற பேருங்க அது. ம் கொட்டறதுன்னு போடுங்க” என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் வார்த்தைதான் சரி என்று தெரிந்ததால் இன்னும் சுருக்கென்றது.

சைடு டோன் என்று ஒன்று உண்டு. நாம் பேசுவது நம் காதிலேயும் கொஞ்சம் கேட்கும்படி போனுக்குள் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் நாம் கத்திக் கத்திப் பேசுவோம். நான் ‘பக்கவொலி’ என்றேன். நீங்கள் ‘தன்குரல்’ என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பும் போட்டிருந்தீர்கள்: ‘இதை நம்பக் கூடாது. நமக்குக் கேட்டதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும் என்று இல்லை.’

கடைசிப் பக்கத்துக்கு நீங்களே கைப்பட எழுதிக் கொடுத்தது ‘ங்க’ டெஸ்ட். போன் மாற்றினால் முதலில் ‘ங்க’ வருகிறதா என்று பாருங்கள் என்று ஆரம்பிக்கும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிகளும் கம்பெனிகளும் பார்க்கிற புத்தகத்தில் இதென்ன விளையாட்டு, சிரிப்பார்களே என்று எனக்குக் கூச்சம். உங்களைக் கேட்காமல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். பஸ்ஸையும் ‘செத்த இருங்க’வையும் ‘தன்குரலை’யும்கூட எடுத்துவிட்டேன். அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பிய பிறகு உங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பினேன்.

கட்டு வந்த அன்று மத்தியானம் என்னை இந்தப் போனிலிருந்துதான் கூப்பிட்டீர்கள். சித்திரை வெயில். என் மேசைமேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும், அதனால் சுருக்கமாகப் பேசினேன். குற்றம் செய்தவன் சுருக்கமாகத்தானே பேசுவான். ஏழு மாதமாக மனதில் ஓட்டி ஓட்டி அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

“சொல்லுங்க” என்றேன்.

நீங்கள் ஒரு விநாடி பேசவில்லை. பிறகு, “புக்கு வந்துதுங்க. கடைசிப் பக்கத்தைக் காணமுங்களே.”

“அதை எடுத்துப்போட்டேனுங்க.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?”

“விடுங்க. அச்சாயிருச்சுங்க.”

“எப்படிப் பேசறோம்னு காதுல உளுகுதுங்களா?”

“நல்லாவே உளுகுதுங்க.”

அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். “சரி. வை” என்றீர்கள்.

அவ்வளவுதான். பிறகு ஏழு மாதம் வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. ‘உடுமலை முடிந்தது’ என்று உங்களிடமிருந்து மெசேஜ் வரும். ‘சரி’ என்று நான் அனுப்புவேன். கூப்பிடலாம் என்று எத்தனையோ தடவை ரிசீவரைத் தூக்கி வைத்திருக்கிறேன். அவரே கூப்பிடட்டும், ‘வை’ என்றவர் அவர்தானே என்று ஒரு வீம்பு. ஒரு நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று சேதி வந்தது. மாலையோடு வந்தேன். பந்தலுக்குள் சொந்தக்காரர்கள் தாழ்ந்த குரலில் ஆமாங்க, ம், ஆமாங்க என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ‘எழவு ஊட்டுல வெக்கிற பேருங்க’ என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. உடனே ‘வை’யும் ஞாபகம் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்கள் மேல் கோபமாக நின்றேன். அதைவிடக் கேவலமாக நான் என்றும் நின்றதில்லை. இரண்டு பேரிடம் தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கேபிளை எடுத்து உங்கள் போனில் மாட்டினேன். சர்வரில் உங்கள் கடை எண் 204-ஐ நான் நீக்கவே இல்லை. பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டி நின்றது. திரையில் 204 என்று வந்தது. செட்டிங்குக்குள் போனேன். இரண்டு தடவை தப்பான இடத்தைத் திறந்தேன்.

சைலன்ஸ் சப்ரஷன் அணைத்துத்தான் இருந்தது. அணைக்காமல் இருப்பீர்களா நீங்கள்?

அப்படியானால் போன் எதையும் வெட்டவில்லை. நீங்கள்தான் ‘வை’ என்றிருக்கிறீர்கள். மனசாரத்தான் சொல்லியிருக்கிறீர்கள். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்று ஒரு கணம் அற்பமாக ஜெயித்துவிட்டு, அடுத்த கணம் நாற்காலியில் சரிந்தேன். உங்கள் வீட்டம்மா சொன்னது அப்போதுதான் மறுபடி காதில் விழுந்தது. மரியாதை போயிருச்சு. அவருகிட்ட. அப்படியானால் என் ‘ங்க’ உங்கள் காதுக்கு வந்ததா?

என் மேசையில் இருப்பது பழைய போன் இல்லை. அந்தப் பழையதில் நீங்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்து கொடுத்திருந்தீர்கள். புத்தகம் அச்சுக்குப் போன வாரம்தான் புது மாடல் வந்ததென்று ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டேன். உங்களிடம் சொல்லவில்லை. ஊரெல்லாம் டெஸ்ட் செய்கிறவன் என் போனை டெஸ்ட் செய்யவில்லை. எதிரில் யாராவது ‘வருதுங்க’ என்று சொல்ல வேண்டுமே, உங்களைக் கூப்பிட வேண்டியிருக்குமே, கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கேட்பீர்களே என்று தள்ளிப்போட்டேன்.

திறந்து பார்த்தேன். ஆன். பெட்டியிலிருந்து வந்தபடியே.

என் மனைவியைக் கூப்பிட்டேன். அன்று நான் பேசியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, காற்றாடியைப் போட்டு, என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“ஏனுங்க, சண்டைக்கு நிக்கற மாதிரியல்ல எழுதியிருக்கீங்க?” என்றாள்.

“நான் பேசினதுதான். நீ படி அம்மணி. சத்தம் போடாம, சாதாரணமாப் படி.”

உங்கள் போனைத் தூக்கிக்கொண்டு, நீளக் கேபிளை இழுத்தபடி பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மணி அடித்தது. எடுத்தேன். எண்ணெய் வாசத்தோடு காதில் வந்தது:

“சொல்லு.”

“அதை எடுத்துப்போட்டேன்.”

“விடு. அச்சாயிருச்சு.”

“நல்லாவே உளுகுது.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எழுதிக் கொடுத்தவன் நான், என்ன நடக்கிறது என்று தெரிந்தவன் நான். எனக்கே முகம் சுட்டது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும். ‘சொல்லு’ என்றதும் ஒரு விநாடி பேசாமல் இருந்தீர்களே, அது ஏன் என்று இப்போது புரிகிறது. காதில் விழுகிறதா என்று கேட்டீர்களே. அதற்கும் ‘நல்லாவே உளுகுது’ என்றுதான் திமிராகப் பதில் வந்திருக்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்ட இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். என் ‘ங்க’ என் காதில் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. தன்குரல். நம்பக் கூடாது என்று பென்சிலால் எழுதிக் கொடுத்ததை நான்தான் அடித்துவிட்டேன்.

உங்களுக்கும் ஏன் தோன்றவில்லை என்று கேட்க வாய் வருகிறது. போன் மாற்றியது உங்களுக்குத் தெரியாது. ஊரில் எல்லார் போனையும் சந்தேகப்படுவீர்கள், நீங்களே சரிசெய்து கொடுத்த போனை எப்படிச் சந்தேகப்படுவீர்கள்? அதோடு, முழுப் பழியையும் மிஷின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. ‘ங்க’ போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்தப் பேச்சில் மரியாதை எவ்வளவு இருந்தது? உங்கள் பக்கத்தை உங்களைக் கேட்காமல் கிழித்தது எந்தச் செட்டிங்கும் இல்லை. மன்னித்துவிடுங்கள். இதை நீங்கள் இருக்கும்போது சொல்ல ஏழு மாதம் இருந்தது.

அந்தப் பக்கத்தைத் திரும்ப அச்சடிக்கலாம் என்று தேடினேன். அலமாரி, பழைய பை, காகிதக் கட்டு எல்லாம் கலைத்துப் போட்டாயிற்று. நீங்கள் கைப்பட எழுதிய தாள் இல்லை. முதல் வரி மட்டும் ஞாபகம் இருக்கிறது. மிச்சத்தை என் வார்த்தையில் எழுதப் பார்த்தேன். மூன்று முறை எழுதி மூன்றையும் கசக்கிவிட்டேன். என் வார்த்தை எல்லாம் புத்தகம் மாதிரியே வருகிறது.

என் போனில் செட்டிங்கை அணைத்துவிட்டு மனைவியை மறுபடி படிக்கச் சொன்னேன். இந்த முறை ‘சொல்லுங்க’ முழுசாக வந்தது. ‘விடுங்க’ வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தச் சின்னச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவள் தாளை முடித்துவிட்டு, என்னிடமிருந்து ஒன்றும் வராததால், “ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா? ‘ங்க’ வருதுங்களா?” என்று கேட்டாள். நம் வழக்கம் அவளுக்கும் தெரியும்.

“வருதுங்க” என்றேன். அவளுக்கு நான் ‘ங்க’ போடுவதில்லை. “அப்பறம் வெச்சர்றேனுங்க” என்றாள்.

‘வைங்க’ என்று நான் சொல்ல வேண்டும். உங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, உங்கள் இடத்தில் நின்றுகொண்டு, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. அவள் வைக்காமல் காத்திருக்கிறாள். நானும் வைக்கவில்லை.